மேடும் பள்ளமும்: சிங்கப்பூர்க் குன்றுகளின் அடிவாரத்தில் தமிழ்க் குடும்பங்கள்

சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 164 மீட்டர் உயரமே உடையது. ஆகவே மலை என்றதும் பொதிகையையும் கொல்லிமலையையும் நினைத்துக்கொள்ளும் தமிழர் கண்ணுக்கு அத்தீவில் மலை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை என்றே தோன்றக்கூடும். ஆயினும் நகரின் பழைய வரைபடங்களைப் பார்ப்பவர்களுக்கு அது குன்றுகள் நெருங்கிய ஊர் என்பது உடனே புலப்படும். புக்கிட் என்பது மலாய் மொழியில் குன்றைக் குறிப்பது. புக்கிட் மேரா, புக்கிட் பாஞ்சாங், புக்கிட் பாத்தோக் என்று அச்சொல்லைத் தாங்கிய வட்டாரங்களும், ஃபோர்ட் கெனிங், மவுண்ட் எமிலி, மவுண்ட் சோஃபியா, பெர்ல்ஸ் ஹில், மவுண்ட் ஃபேபர் என்று ஆங்கிலப் பெயர் பெற்ற மேடுகளும் இன்றும் உள்ளன. பெயர் மட்டும் எஞ்ச, மண்ணோடு மண்ணாக வெட்டி எடுக்கப்பட்டுவிட்ட குன்றுகளும் உள்ளன. தீவின் நடுப்பகுதி இருபது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கருங்கல்லால் ஆனது. மேற்கே படிவுப் பாறைகளும் கிழக்கே பழைய வண்டலும் பரவியுள்ளன. ஆறுகளும் ஓடைகளும் கடலைச் சேரும் பள்ளங்களில், கடல் மட்டம் உயர்ந்திருந்த காலத்தில் படிந்த மென்மையான சேறாகிய கடற்களிமண் பல மீட்டர் ஆழத்துக்கு நிறைந்துள்ளது.

இந்த மேடுபள்ளம் வெறும் நில அமைப்பாக இருந்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் காற்றோட்டமும் நல்ல வடிகாலும் உள்ள குன்றுகளின் உச்சிகளை அரசாங்க மாளிகைகளும் ஐரோப்பியரின் பங்களாக்களும் பீரங்கி மேடைகளும் எடுத்துக்கொள்ள, உழைத்துப் பிழைக்க வந்தவர்களுக்கு அடிவாரமும் பள்ளமும் ஆற்றங்கரையும் வாய்த்தன. சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் ஒன்று தன் மூன்று நான்கு தலைமுறை முகவரிகளை வரிசையாக எழுதி, அவற்றை நிலத்தின் உயரத்தோடு சேர்த்து வாசிக்குமானால், தாத்தா என்ன வேலை செய்தார், யாரிடம் செய்தார், ஏன் அந்த இடத்தில் குடியிருந்தார், எப்போது அங்கிருந்து கிளம்பினார் என்பவற்றில் பெரும்பகுதி அந்த வரிசையிலேயே கிடைத்துவிடும். அவ்வாறு வாசித்தபடி நகரின் ஊடே செல்லும் ஒரு பயணத்தின் தடத்தையே இக்கட்டுரை பின்பற்றுகிறது.

பயணத்தைத் தேக்கா என்று தமிழர் வழங்கும் சந்தையடியிலிருந்து தொடங்குவதே முறை. இன்று லிட்டில் இந்தியா எனப்படும் இவ்வட்டாரம் ரோச்சோர் ஓடைக்கு அருகில் அமைந்த பள்ள நிலம். இதன் ஊடே செல்லும் சிராங்கூன் சாலை 1828ஆம் ஆண்டு வாக்கில் குதிரை செல்லக்கூடிய ஒற்றையடித் தடமாகவே இருந்தது. நீரும் புல்லும் மிகுந்திருந்ததால் கால்நடைத் தொழில் இங்கே வேரூன்றியது. 1840களில் ஃபேரர் பார்க் பக்கம் குதிரைப் பந்தயத் திடலும் அமைந்தபோது, குதிரை, மாடு, எருமை ஆகியவற்றைப் பராமரிக்கத் தெரிந்த தமிழருக்கும் பிற இந்தியருக்கும் இவ்விடம் இயல்பான பிழைப்பிடமாயிற்று. எருமைத் தொழுவம் எனப் பொருள்படும் காண்டாங் கெர்பாவ் என்ற வட்டாரப் பெயரும், பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்ற தெருப் பெயர்களும் அக்காலத்தின் எச்சங்கள். கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் ஐ. ஆர். பெலிலியோஸ் இங்கே பெரும் கால்நடை வணிகம் செய்தார்; பின்னாளில் காரைக்காலைச் சேர்ந்த மூனா காதர் சுல்தான் அத்தொழிலில் அரசர் என்னும் அளவுக்கு வளர்ந்து, கிழக்குக் கடற்கரைப் பக்கம் காரைக்கால் மஹால் என்று தம் ஊர்ப் பெயரையே சூட்டி மாளிகை கட்டினார். தொழுவம் பள்ளத்திலும் மாளிகை கடற்காற்று வீசும் கரையிலும் அமைந்தன என்பது கவனிக்கத்தக்கது.

பள்ள நிலத்தின் களிமண் மற்றொரு தொழிலையும் தந்தது. தண்டனைக் கைதிகளைக் கொண்டு இயங்கிய அரசாங்கச் செங்கற்சூளை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சிராங்கூன் சாலையோரம் அமைந்தது. அருகிலேயே சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. காளவாயில் வேலை செய்தவர்கள் வாழ்ந்த இடத்தைத் தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தனர். கம்பம் என்பது கிராமத்தைக் குறிக்கும் கம்போங் என்ற மலாய்ச் சொல் தமிழ் நாவில் பெற்ற வடிவம். இன்று உலகெங்கிலுமிருந்து வரும் சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுக்கும் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில், 1881ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தபோது சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே அறியப்பட்டது. கொற்றவையின் உக்கிர வடிவமான காளியை வேண்டி நின்றவர்கள் சொந்த ஊரையும் உறவையும் விட்டு வந்து, சுண்ணாம்பு வெந்த புகையில் உழைத்துக் கிடந்த கூலிகள். சிங்கப்பூரின் மாளிகைகளுக்குப் பூசப்பட்ட வெள்ளை அவர்கள் கையில் வெந்தது என்பதை அறிந்துகொண்டு அக்கோயிலுக்குள் நுழைவது, வண்ணச் சிற்பங்களை மட்டும் கண்டு திரும்புவதைவிட மேலானது.

சிராங்கூன் சாலையின் கடைவீடுகளில், அதாவது கீழே கடையும் மேலே குடியிருப்புமாகக் கட்டப்பட்ட இரண்டு மூன்று அடுக்குக் கட்டடங்களில், முதலில் தங்கியவர்கள் பெரும்பாலும் தனி ஆண்களே. ஒரே மாடியில் பலர் பாய் விரித்துப் படுத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பல் ஏறித் திரும்பினர். மனைவி மக்களை அழைத்து வருவது 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று. தெரு குடும்பத் தெருவாக மாறியதும் அதன் பின்னரே. 1905இல் மாயவரம் பக்கத்திலிருந்து வந்து, மளிகைக் கடை ஒன்றில் வேலைக்கு அமர்ந்து, பின்னர் சேலையும் மளிகையும் விற்கும் பல கடைகளுக்கு உரிமையாளரான பொ. கோவிந்தசாமிப் பிள்ளையின் வாழ்க்கை இம்மாற்றத்தின் சிறந்த சான்று. பல தலைமுறைத் தமிழ்ப் பெண்கள் தம் திருமணச் சேலையை எடுத்த கடை அவருடையது. ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலின் திருமண மண்டபமும் அவர் கொடையே. அடுத்த தலைமுறையின் பிறப்புச் சான்றிதழ்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர் காண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 40,000ஐ நெருங்கும் குழந்தைகள் பிறந்தன; உலகிலேயே மிகுதியான பிரசவங்கள் நடைபெற்ற மருத்துவமனை என்ற பெயரையும் அது பெற்றது. எருமைகள் நின்ற பள்ளத்தில் நாட்டின் ஒரு தலைமுறை பிறந்தது.

பள்ளத்தில் வாழ்ந்ததற்கு விலையும் இருந்தது. பருவமழையும் கடல் ஏற்றமும் ஒரே நாளில் சேர்ந்துவிட்டால் ரோச்சோர், கல்லாங் ஓடைகளின் நீர் கடலுக்குள் வடிய முடியாமல் தெருக்களில் ஏறும். 1954, 1969, 1978 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளங்களை மூத்தவர்கள் இன்றும் ஆண்டு சொல்லி நினைவுகூர்வர். கட்டிலின் மேல் கட்டில் போட்டு அரிசி மூட்டையைக் காத்த கதை சொல்லப்படாத குடும்பம் இப்பள்ள வட்டாரங்களில் அரிது. மேட்டில் இருந்தவர்களுக்கு அதே மழை, வெறும் மழையாகவே இருந்தது.

தேக்காவிலிருந்து தென்மேற்கே சில நிமிடம் நடந்தால் நிலம் சட்டென்று உயர்கிறது. செலிகி சாலைக்கு மேலே எழும் மவுண்ட் எமிலி, மவுண்ட் சோஃபியா ஆகிய இரட்டைக் குன்றுகளின் சரிவில் வில்கி சாலை வளைந்து ஏறும்போது, கறிவேப்பிலையும் மல்லிகையும் மணக்கும் சந்தை இரைச்சல் பின்தங்கி, மரங்களின் நிழல் தொடங்கிவிடும். நகரத்துக்குக் குழாய் நீர் வழங்குவதற்காக 1878இல் மவுண்ட் எமிலி உச்சியில் நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. தண்ணீர் தானாக இறங்கிப் பள்ளத்துத் தெருக்களைச் சேர வேண்டுமாயின் தேக்கம் மேட்டில் இருந்தாக வேண்டும் என்பதே காரணம். அதே இடம் 1931இல் தீவின் முதல் பொது நீச்சல் குளமாக மாறியது. இன்று அது பூங்கா.

இக்குன்றின் அடிவாரத்தில் உள்ள ஷார்ட் ஸ்திரீட், பெயருக்கேற்பக் குறுகிய சடக்கு. சடக்கு என்பது சாலையைக் குறிக்க மலாயாத் தமிழர் வழங்கும் சொல். அங்கே ஒரு கடைவீட்டில் 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சமயத் தொண்டர் சோஃபியா பிளாக்மோர், 9 இந்தியச் சிறுமிகளைக் கொண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். தம் பெண்மக்கள் படிக்க வேண்டும் என்று விரும்பிய தமிழ் வணிகர்கள் துணை நின்றதால் அது தமிழ்ப் பெண்கள் பள்ளி என்றே பெயர் பெற்றது. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவது ஊரார் வாய்க்கு இரையாகும் செயலாக இருந்த காலத்தில், கடல் கடந்து வந்த தந்தையர் சிலர் அவ்வாறு முடிவெடுத்தது சிறிய செய்தி அன்று. அப்பள்ளி வளர்ந்து, 1920களில் குன்றின் மேல் மவுண்ட் சோஃபியாவுக்கு ஏறி, மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக 1992 வரை அங்கே இயங்கி, பின்னர் புக்கிட் தீமா பக்கம் சென்றது. அதன் தொடக்கம் அடிவாரத்துக் கடைவீட்டில் தமிழ்ச் சிறுமிகளோடு நிகழ்ந்தது என்பதைச் சிங்கப்பூர்த் தமிழர் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

சோஃபியா குன்றுக்கும் ஃபோர்ட் கெனிங் குன்றுக்கும் இடைப்பட்ட தாழ்நிலம் தோபி காட். ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய் என்று பின்னர் கரை கட்டப்பட்ட ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்து, கரையோரப் புல்வெளியில் உலர்த்தினர். இரு குன்றுகளிலிருந்தும் இறங்கிய நீரே அவர்களுக்கு முதல். அக்குன்றுகளின் மேல் வாழ்ந்தவர்களின் உடைகளே அவர்களுக்கு வேலை. இன்று மூன்று எம்ஆர்டி இரயில் தடங்கள் சந்திக்கும் நிலையமாகிவிட்ட அவ்விடத்தில் தினமும் கடந்து செல்வோர் கால்களுக்குக் கீழே அவ்வோடை மூடிய கால்வாயாக ஓடுகிறது.

தோபி காட்டிலிருந்து வடமேற்கே, ஒரு காலத்தில் சாதிக்காய்த் தோட்டமாக இருந்த மேட்டு நிலத்தின் மேல் இஸ்தானா நிற்கிறது. இஸ்தானா என்றால் மலாயில் அரண்மனை. நாட்டின் அதிபரின் அதிகாரபூர்வ இல்லமும் அலுவலகமும் அதுவே. 1867க்கும் 1869க்கும் இடையில் பிரிட்டிஷ் ஆளுநருக்காக அதனைக் கட்டியவர்கள் இந்தியத் தண்டனைக் கைதிகள். 1825 ஏப்ரலில் சுமாத்திராவின் பெங்கூலனிலிருந்து சென்னை மாகாணத்தைச் சேர்ந்த 80 கைதிகளும், அடுத்த சில நாட்களில் வங்காளத்தைச் சேர்ந்த 122 கைதிகளும் சிங்கப்பூரில் இறக்கப்பட்டனர். 1873இல் கைதிச் சிறை மூடப்படும் வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், சாலைகளும் பாலங்களும் தேவாலயமும் மாளிகைகளும் இத்தகையோர் உழைப்பால் எழுந்தன. செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் சுவர்களில் அவர்கள் பூசிய சென்னைச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கருவும் கருப்பட்டி போன்ற சர்க்கரையும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் கலந்து அரைக்கப்பட்டது. காய்ந்த பின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். தமிழகத்துக் கொத்தனார்களின் பழங்கலை அது. விடுதலை பெற்ற கைதிகளில் பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே மாட்டு வண்டியும் பால் வியாபாரமும் வைத்துத் தங்கினர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இந்நகரில் இருக்கக்கூடும். ஆனால் கைதியின் பேரன் என்று எந்தக் குடும்பமும் சொல்லிக்கொள்வதில்லை. அந்த மௌனத்துக்குக் காரணம் புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும், அவர்கள் கட்டிய அதே மேட்டு மாளிகையில் 1999 முதல் 2011 வரை தமிழரான எஸ். ஆர். நாதன் அதிபராகப் பணியாற்றினார் என்பதும், 2023 முதல் யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த தர்மன் சண்முகரத்னம் அதிபராக இருக்கிறார் என்பதும் அந்த மௌனத்தைக் கலைக்கப் போதிய காரணங்கள்.

தைப்பூச நாளில் காவடியும் பால்குடமும் செல்லும் பாதையை நிலவியல் கண்ணோடு பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி விளங்கும். பாதை சிராங்கூன் சாலையின் பெருமாள் கோயிலில் தொடங்குகிறது. அக்கோயிலின் நிலம் 1851இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து 26 ரூபாய் 8 அணாவுக்கு வாங்கப்பட்டது. ஐந்து நிலை இராசகோபுரம் 1979இல் நிறைவுற்றது. அங்கிருந்து பள்ளத்தின் வழியே தெற்கே வந்து, எமிலி, சோஃபியா குன்றுகளின் அடியைத் தொட்டு, தோபி காட் தாழ்நிலத்தைக் கடந்து, ஃபோர்ட் கெனிங் குன்றைச் சுற்றிக்கொண்டு, சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் டேங்க் ரோட்டிலுள்ள முருகன் கோயிலாகிய தெண்டாயுதபாணி கோயிலை அடைகிறது. மூன்று குன்றுகளின் அடிவாரத்தைத் தொட்டுச் செல்லும் இந்த ஊர்வலம் அவற்றில் ஒன்றின் மேலும் ஏறுவதில்லை.

முருகன் குன்றுதோறும் ஆடும் தெய்வம். தமிழகத்தில் பழனியும் தணிகையும், மலேசியாவில் பத்துமலையும் பினாங்குத் தண்ணீர்மலையும் அவன் மேட்டில் நிற்கும் இடங்கள். சிங்கப்பூரில் மட்டும் நகரத்தார், அதாவது செட்டிநாட்டிலிருந்து வட்டித் தொழில் செய்ய வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அவனுக்கு மலையடிவாரத்தில் கோயில் எடுத்தனர். அங்கிருந்த குளக்கரையில் மரத்தடியில் வேல் நட்டு வழிபட்டதே தொடக்கம் என்பது கோயில் மரபு. 1859 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தது. அதே 1859இல்தான் மேலே குன்றின் உச்சியில் ஆளுநர் மாளிகையை இடித்துவிட்டுக் கோட்டை கட்டும் வேலையும் தொடங்கியது. மலாய் மன்னர்களின் காலத்தில் தடை செய்யப்பட்ட குன்று எனப் பொருள்பட புக்கிட் லாராங்கான் என்று வழங்கிய அம்மேடு, ஆங்கிலேயர் காலத்திலும் பொதுமக்களுக்கு எட்டாத மேடாகவே இருந்தது. உச்சியில் பீரங்கியும் அடியில் வேலுமாக நின்ற அந்த அமைப்பைவிட அக்காலச் சிங்கப்பூரை விளக்கும் படம் வேறில்லை.

செட்டியார்களின் குடும்ப வரலாறு இந்நகரில் வேறு வகையானது; ஏனெனில் குடும்பம் பெரும்பாலும் இங்கே வரவில்லை. மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த கிட்டங்கிகளில், அதாவது நீண்ட கூடத்தில் ஆளுக்கு ஒரு பெட்டகமும் மேசைப்பலகையும் வைத்துப் பல வட்டிக்கடைகள் ஒன்றாக இயங்கிய கட்டடங்களில், அவர்கள் பகலில் கணக்கு எழுதி, இரவில் அங்கேயே உறங்கினர். மூன்று ஆண்டு போன்ற கணக்குக் காலம் முடிந்ததும் ஊர் திரும்பினர். மனைவியும் பிள்ளைகளும் காரைக்குடி, தேவகோட்டை வீடுகளில் இருந்தனர். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் 1970களின் நகர மறுசீரமைப்பில் மறைந்தன. அவர்களின் சிங்கப்பூர் வாழ்க்கையைத் தேடுபவர்கள் இன்று செட்டிநாட்டுப் பரண்களில் உள்ள கணக்கேடுகளிலும் கடிதங்களிலும்தான் தேட வேண்டும்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் தெண்டாயுதபாணி கோயிலின் வெள்ளி இரதம் தெற்கே கியோங் சியாக் சாலையில் உள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குச் செல்லும். பெர்ல்ஸ் ஹில், ஊட்ரம் வட்டாரத்தில் இந்தியச் சிப்பாய்கள் தங்கிய வரிசைக் குடியிருப்புகள் இருந்தன. வரிசைக் குடியிருப்பை லயன் என்று தமிழர் வழங்கினர். அங்கே வழிபடப்பட்ட விநாயகர் பின்னர் செட்டியார்களின் பொறுப்பில் வந்து, 1925இல் இப்போதைய இடத்தில் கோயில் கொண்டார். பெர்ல்ஸ் ஹில் குன்றுக்குப் பெயர் தந்தவர், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் வணிகத் தளத்தை நிறுவிய ராஃபிள்ஸை 1819இல் ஏற்றி வந்த இந்தியானா கப்பலின் தலைவர் ஜேம்ஸ் பெர்ல். குன்றில் அவர் மிளகுத் தோட்டம் போட்டார்; அடியில் சிப்பாய்கள் காவல் நின்றனர். குன்றுக்குக் கப்பல் தலைவரின் பெயர் நிலைத்தது. சிப்பாய்களின் நினைவோ ஒரு பிள்ளையாரின் பெயரில் தங்கியிருக்கிறது.

1819இல் ராஃபிள்ஸின் இரண்டாம் வருகையில் பினாங்கிலிருந்து உடன் வந்தவர் நாராயண பிள்ளை. தஞ்சோங் பகார் பக்கம் செங்கற்சூளை வைத்து, இத்தீவின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் ஆனார். அவர் மாரியம்மனுக்குக் கோயில் எடுக்க முனைந்தபோது நிலமே அவரை அலைக்கழித்தது: முதலில் ஒதுக்கப்பட்ட தெலுக் ஆயர் கடற்கரை இடத்தில் பூசைக்கு வேண்டிய நன்னீர் கிடைக்கவில்லை, ஓடைக்கரையில் கிடைத்த அடுத்த இடம் நகரமைப்புத் திட்டத்தோடு ஒத்துவரவில்லை, 1823இல்தான் சவுத் பிரிட்ஜ் சாலையில் இடம் உறுதியாயிற்று. 1827இல் அத்தாப்புக் கூரையோடு, அதாவது நீப்பா ஓலைக் கூரையோடு எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில், தீவின் மிகப் பழைய இந்துக் கோயிலாக இன்றும் அங்கேயே நிற்கிறது. அதன் அண்டையிலேயே சூலியாக்கள் எனப்பட்ட சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்கள் 1826இல் ஜாமிஆ பள்ளிவாசலையும், தெலுக் ஆயர் தெருவில் குச்சுப் பள்ளி என்று பெயர் பெற்ற அல் அப்ரார் பள்ளிவாசலையும், 1828 தொடங்கி நாகூர் தர்காவையும் எழுப்பினர். அப்போது தெலுக் ஆயர் தெருவின் எதிரே கடல் இருந்தது. கரையேறியவர்கள் முதலில் தொழுது நன்றி சொன்ன இடங்கள் அவை.

இன்று அத்தெருவில் நின்றால் கடல் கண்ணுக்கு எட்டுவதில்லை. கடலை அகற்றியவை குன்றுகளே. 1822இலேயே இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ் அருகே இருந்த சிறு குன்றை வெட்டி, ஆற்றின் தென்கரைச் சதுப்பைத் தூர்த்துப் படகுத்துறை அமைத்தார்கள். 1879 முதல் 1887 வரை நடந்த தெலுக் ஆயர் கடல் தூர்ப்புக்காக மவுண்ட் வாலிச் வெட்டப்பட்டது. கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தாவரவியலாளர் வாலிச்சின் பெயரைக் கொண்ட அக்குன்று, இன்று ஒரு தெருவின் பெயர் மட்டுமே. மவுண்ட் பாமரின் பெரும்பகுதியும் பின்னர் அவ்வாறே கடலுக்குள் போயிற்று. எஞ்சிய சிறு மேட்டின் மேல், 1866இல் மறைந்த இறைநேசர் ஹபீப் நூஹின் அடக்கவிடம் படிகளேறிச் செல்லும் உயரத்தில் இன்றும் உள்ளது. தமிழ் முஸ்லிம்களும் தேடிச் செல்லும் இடம் அது. வாலிச் தெருவில் இப்போது நிற்கும் கூக்கோ கோபுரம் ஏறத்தாழ 290 மீட்டர் உயரமுடையது. தீவின் இயற்கை உச்சியான புக்கிட் தீமாவைவிட அது உயர்ந்தது.

தஞ்சோங் பகாரின் குடும்ப வரலாற்றில் தனி இடம் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்களுக்கு உண்டு. நெல்லைச் சீமையில் நெசவுத் தொழில் நலிந்தபோது பெயர்ந்து வந்த இவர்கள், பிற தமிழர்களைப் போலத் தனி ஆண்களாகத் தங்கிவிடாமல் மனைவி மக்களை முன்பே அழைத்து வந்தனர். ஆண்கள் துறைமுகத்திலும் சிறு கடைகளிலும் உழைக்க, பெண்கள் வீட்டு வாசலில் அம்மி வைத்து மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். வற்றல் மிளகாயும் மஞ்சளும் கொத்தமல்லியும் தனித்தனி உருண்டைகளாக உருட்டி வைத்திருக்க, வாங்க வருபவர் மீன்குழம்புக்கா கறிக்கா என்று சொன்னால் அதற்கேற்ற அளவில் சேர்த்து இலையில் மடித்துக் கொடுக்கும் தொழில் அது. அச்சமூகத்தார் 1941இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை அமைத்து, 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயர் ஒரு சிங்கப்பூர்ப் பள்ளிக்கு வந்த வழி, அம்மியில் மசாலா அரைத்த கைகளின் வழி. 1982இல் பள்ளி மூடப்பட்டாலும், அப்பெயர் தாங்கிய தமிழ்மொழி நிலையம் தொடர்ந்து பணியாற்றி வருகிறது.

மேற்கே மவுண்ட் ஃபேபர். சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ஃபேபர் 1845இல் உச்சிக்குச் சாலை வெட்டியதால் பெற்ற பெயர். அதற்கப்பால் தமிழர் வரலாறு தெருக்களில் இல்லை. வேலையிடங்களின் லயன்களில் இருக்கிறது. அலெக்சாண்ட்ரா செங்கல் ஆலையின் தொழிலாளர் வணங்கிய ருத்ர காளியம்மன் இப்போது டிப்போ சாலையில் இருக்கிறாள். குவீன்ஸ்டவுன் பக்கம் இரயில்வே தொழிலாளர் 1932இல் குடிசையில் வைத்து வணங்கிய முனீஸ்வரன் இன்று காமன்வெல்த் டிரைவில் பெருங்கோயில் கொண்டிருக்கிறார். அதே 1932இல் தஞ்சோங் பகார் இரயில் நிலையம் திறக்கப்பட்டு, தடம் புக்கிட் தீமாவின் அடிவாரம் வழியாகச் சென்றது. 2011 ஜூன் 30ஆம் நாளோடு இரயில் நின்றுபோக, 24 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் நடைபாதையாகிவிட்டது. அதில் நடந்து வடக்கே சென்றால், கருங்கல் வெட்டியெடுக்கப்பட்ட பழைய பாறைக் குழிகள் பச்சை நீர் நிறைந்து நிற்பதையும், அப்பர் புக்கிட் தீமா சாலையோரம் ஸ்ரீ முருகன் மலைக்கோயில் இருப்பதையும் காணலாம். நகரத்தில் மலையடியிலேயே நின்றுவிட்ட முருகனுக்கு, புறநகரில் மலையின் பெயரோடு ஒரு கோயில் வாய்த்திருக்கிறது.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தொடங்கிய பின் மேடுபள்ளக் கணக்கே மாறிவிட்டது. ஜூரோங் குன்றுகள் வெட்டப்பட்டுச் சதுப்பு நிலம் தொழிற்பேட்டையானது. பீடோக், தெம்பனிஸ் பக்கத்து மேடுகளின் மண் கிழக்குக் கடற்கரையைத் தூர்த்தது. 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாட்டின் பரப்பு இன்று 730ஐத் தாண்டியிருக்கிறது. வீவக வீடுகளின் பன்னிரண்டாம் மாடியில் குடியேறிய குடும்பத்துக்கு வெள்ள பயம் போயிற்று. லயனும் கம்பமும் கடைவீட்டு மாடியும் கலைந்து, ஒரே கோயில் வாசலில் கூடிய அண்டை அயலார் ஈசூனுக்கும் உட்லண்ட்ஸுக்கும் சுவா சூ காங்கிற்கும் பிரிந்து போயினர். எந்தப் பேட்டையும் ஓர் இனத்தார் பேட்டையாகிவிடக் கூடாது என்று 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. அதே ஆண்டில் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. வசதியும் பாதுகாப்பும் பெற்ற மக்கள் கம்பத்து வாழ்வுக்குத் திரும்ப விரும்புவார்கள் என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் பழைய முகவரி அழிந்தபோது அதைத் தாங்கிய கதையும் அழிய இடம் கொடுத்திருக்க வேண்டியதில்லை. முன்னோரை அடக்கம் செய்த பிடாடாரி இடுகாடும் 2000களில் தோண்டி அகற்றப்பட்டுப் புதிய வீடமைப்புப் பேட்டையாகிவிட்ட நிலையில், கல்வெட்டைத் தேடிச் சென்று பெயர் வாசிக்கும் வழியும் குறைந்துவிட்டது.

எஞ்சியிருப்பவை மூத்தவர்களின் நினைவும், அலமாரியில் உள்ள பிறப்புச் சான்றிதழும், பழைய அடையாள அட்டையும், திருமண அழைப்பிதழும், அவற்றில் அச்சாகியுள்ள முகவரிகளுமே. அவை வெறும் கதவு எண்கள் அல்ல. எந்தக் குன்றின் அடியில், எந்த ஓடையின் கரையில், எந்த முதலாளியின் லயனில் அக்குடும்பம் இருந்தது என்பதற்கான சான்றுகள். தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்து வருகிறது. கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் குடும்பங்களின் பொருள்களையும் படங்களையும் காட்சிக்கு வைத்திருக்கிறது. எனினும் வீட்டுக்குள் இருப்பதை வீட்டார் எடுத்துத் தந்தால்தான் அவை நிறையும். ஆகவே வாசகர்கள் இந்த வாரமே தம் வீட்டு மூத்தவரோடு அமர்ந்து, அவர் குடியிருந்த இடங்களை ஆண்டு வாரியாகக் கேட்டு எழுதி, முடிந்தால் அவரையே அழைத்துச் சென்று அவ்விடங்களைக் கண்டு, அந்தத் தாளின் ஒரு படியை அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்துவிட வேண்டும்.